சோலி ஒண்ணும் இல்லை

எங்கள் தெருவில் அறுபது தாண்டிய பெண் செருப்பை மாட்டினால் காரணம் சொல்லியாக வேண்டும். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்னக்கா, எங்கிட்டு கிளம்பிட்டீக?" என்பார்கள். கோயில் என்றால் சரி. ஆஸ்பத்திரி என்றால் இன்னும் சரி, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று பேச்சு நீளும். துஷ்டி வீடு, விசேஷ வீடு, ரேஷன் கடை, நவம்பர் மாதம் நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பென்ஷனுக்காகக் காட்டிவிட்டு வருவது, எல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்ட காரணங்கள். "சோலி ஒண்ணும் இல்ல, சும்மா போறேன்" என்பதை மட்டும் யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. நான் அப்படிச் சொன்ன அன்றைக்கே பெங்களூரில் இருக்கும் என் மகனுக்குப் போன் போய்விட்டது.

"ஏம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? தனியா எங்கயோ போறீங்களாம்ல?"

அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்திருக்கிறான், பாவம். நான் போயிருந்தது நாகமலைப் பக்கம் ஒரு மலைக்கு. போய், ஏறி, இறங்கி, வருகிற வழியில் பருத்திப்பால் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தாயிற்று. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லத்தான் மலை ஏறியதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

எனக்கு 67 வயது. மதுரையில் வில்லாபுரம் பக்கம் வீடு. டெலிபோன் டிபார்ட்மெண்டில் 1979-ல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அது 2000-த்தில் பிஎஸ்என்எல் ஆனது. 2018-ல் ரிடையர் ஆனேன். வீட்டுக்காரர் தவறிச் சில வருஷம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில். பிரஷருக்கு மாத்திரை உண்டு, இடது முழங்கால் அடிக்கடி முனகும். என் ஜாதகம் இவ்வளவுதான். இந்தப் பதிவு முழுக்க நான் டவுன் பஸ்ஸில் சுற்றிய கதை. காசி, ராமேஸ்வரம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம். நான் தாண்டிய அதிகபட்ச எல்லை கீழடி. அதுகூட அடுத்த மாவட்டத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்த கதைதான்.

இதெல்லாம் 2021 மே மாதத்துக்கு அப்புறம் வந்த புத்தி. அந்த மாதம் 7-ஆம் தேதி ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற கையோடு போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பது. மறுநாளே அமல். அடுத்த இரண்டு நாளில் கொரோனாவுக்கு முழு ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இலவசம் வந்தது, பஸ் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் அதை வைத்து நடந்த கேலிக்கு அளவே இல்லை. மறுபடி வண்டி ஓடத் தொடங்கியபின்தான் நாங்கள் நிஜமாகவே ஏறினோம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எல்லா பஸ்ஸிலும் இது செல்லாது. முன்கண்ணாடியில் 'மகளிர் கட்டணமில்லாப் பயணம்' என்று ஒட்டியிருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்றால் காசு. ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் ஒரு சீட்டுக் கொடுப்பார், கட்டணம் என்ற இடத்தில் சைபர் இருக்கும். திட்டத்துக்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, 'ஃப்ரீ பஸ்' அவ்வளவுதான். மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். அவள் அந்தக் காசில் சீட்டுப் போட்டு மகளுக்குக் கம்மல் எடுத்துவிட்டாள்.

எனக்கு அந்தக் காசு ஒரு பொருட்டில்லை. பென்ஷன் வருகிறது, பத்து ரூபாய் டிக்கெட் எடுக்க முடியாதவள் இல்லை. ஆனாலும் அந்தப் பத்து ரூபாய் இத்தனை வருஷம் என்னை வீட்டில் உட்கார வைத்திருந்தது என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். கஞ்சத்தனமும் கிடையாது. ஆனால் கணக்கு எழுதுவார். சம்பளக் கவரை அப்படியே கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பேன்; காலையில் பஸ்ஸுக்கு எண்ணிக் கொடுப்பார்; ராத்திரி டைரியை எடுத்துவைத்து, "இன்னிக்கு என்னென்ன?" என்பார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எதற்கு என்று எழுத வேண்டும். மேலமாசி வீதி, மருந்து. சிம்மக்கல், மாமா வீடு. 'சும்மா' என்று எழுதிய வரி அந்த டைரிகள் எதிலும் இல்லை. அவர் போனபின் டைரியும் போய்விட்டது, ஆனால் பர்ஸைத் திறக்கும்போது எதற்கு என்று யாரோ உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிக்கெட் சைபர் ஆனதும் எழுத வரியே இல்லாமல் போய்விட்டது. காசு கேட்க வேண்டாம், கணக்கும் சொல்ல வேண்டாம். இலவச பஸ்ஸைப் பற்றி டீவியில் எத்தனையோ விவாதம் பார்த்துவிட்டேன், இந்த விஷயத்தை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

'ஓசி' என்று முணுமுணுக்கிற ஆண்கள் உண்டு. 2022-ல் ஒரு அமைச்சரே மேடையில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பெரிய ரகளையானது. ஒரு கண்டக்டர் தம்பி என்னிடம், "கூட்ட நேரத்துல வேலைக்குப் போறவுக நிக்க இடமில்லாமக் கெடக்காக, நீங்க பொழுதுபோக்க வாறீகளேம்மா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் கிளம்பி, பள்ளிக்கூடம் விடுவதற்குள் திரும்புவது என்று எனக்கு நானே ஒரு டியூட்டி சார்ட் போட்டுக்கொண்டேன்.

டியூட்டி சார்ட் என்றதும் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வருகிறது. ஆபரேட்டர் வேலை என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. சுவர் நீளத்துக்குப் போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், எங்கள் தலையில் ஹெட்செட், கையில் கார்டு. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டு டிரங்க் கால் புக் பண்ண வேண்டும். ஆர்டினரி என்றால் காத்துக் கிடக்கணும், சமயத்தில் அரை நாள்கூட. அர்ஜெண்ட் என்றால் இரண்டு மடங்கு காசு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு, ஆனால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு லைன் கொடுப்போம். சாமானிய வீடுகளில் சாவுக்குத்தான் லைட்னிங் போடுவார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் முடிஞ்சது, தொடரலாமா?" என்று கேட்கணும். அழுதுகொண்டிருப்பவரிடமும் கேட்கணும். முதல் தடவை அப்படிக் கேட்டுவிட்டு நான் சாப்பாட்டு அறையில் போய் அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது.

உசிலம்பட்டி, சோழவந்தான், பேரையூர், கொட்டாம்பட்டி, வாடிப்பட்டி என்று நாள் பூராவும் ஊர் ஊராகக் கூப்பிட்ட வாய் இது. ஒரு ஊரையும் பார்த்ததில்லை. ஸ்பிளிட் டியூட்டி என்று ஒன்று உண்டு. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் வீட்டுக்கு ஓடி, சோறு வடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, மறுபடி ஓடணும். இதில் எங்கே ஊர் பார்ப்பது? பிறகு எஸ்டிடி வந்தது, தெருமுனைக்கு ஒரு மஞ்சள் போர்டு பூத் வந்தது, எங்கள் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி வருஷங்களில் பில் கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கினேன். அந்தக் கதை வேண்டாம்.

தேனி ரோட்டில் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது. அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டரின் குரல் எனக்கு அத்துப்படி. இருமிவிட்டுத்தான் பேசுவார். அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு சேவல் கூவும். காலையில் கூவினால் சரி, மத்தியானம் மூன்று மணிக்கும் கூவும். நாங்கள் இங்கே போர்டில் இருக்கிற பெண்களெல்லாம் சேர்ந்து சிரிப்போம். அவரிடம் கேட்கக் கூச்சம், ஆபீஸ் பேச்சைத் தவிர வேறு பேசக்கூடாது என்று சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார்.

ஒரு நாள் அந்த ஊர் போர்டு போட்ட பஸ் கண்ணில் பட்டது. ஏறிவிட்டேன்.

போனால், எக்ஸ்சேஞ்ச் இருந்த கட்டிடத்தைக் கண்டுபிடிக்கவே பாடு. கதவு பூட்டி, வாசலில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. எதிரே டீக்கடை. மாஸ்டருக்கு என் வயசு இருக்கும். "இங்கிட்டு முன்னாடி டெலிபோன் ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தாரே, இருமிக்கிட்டே பேசுவாரு" என்று ஆரம்பித்தேன். பெயர்கூடத் தெரியாமல் ஒரு ஆளைத் தேடி வந்த கிழவியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். சேவலைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சாவக்கட்டு ஆளு! சன்னலோரமாவே கட்டிப் போட்டு வளப்பாரு. டூட்டி நேரத்துல சாவலுக்குக் கம்பு ஊற வெப்பாரு. அது போட்டியில ஜெயிச்ச அன்னிக்கு ஊருல பாதிப் பேருக்கு ட்ரங்கால் ஓசி."

மதுரை டிரங்க் டிக்கெட்டில் எழுதாமல் அவர் எப்படி ஓசியில் லைன் கொடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. எழுதாமல் கொடுத்திருந்தால் மதுரையில் யாரோ உடந்தை. யாராக இருக்கும் என்று ஊகம் இருக்கிறது, அவளும் பென்ஷன் வாங்குகிறாள், விட்டுவிடுவோம். மனுஷன் தவறி ரொம்ப நாளாச்சாம். மாஸ்டர் டீக்குக் காசு வாங்கவில்லை.

மகனைக் கலவரப்படுத்திய மலைக்கு வருகிறேன். கீழக்குயில்குடி சமணர் மலை. மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஒரு தாமரைக்குளம், நிழல் விரித்து நிற்கிற பெரிய ஆலமரங்கள். அங்கே உட்கார்ந்துவிட்டே திரும்பியிருந்தாலும் அன்றைய பொழுதுக்குப் போதும். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. முழங்காலிடம் பேரம் பேசிக்கொண்டே ஏறினேன். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா என்னைத் தாண்டி வெறுங்காலோடு விறுவிறுவென்று போனாள். எனக்கு மூத்தவள்தான்.

"தனியாவா வந்த? எறங்கும்போது உக்காந்து எறங்கு, வெக்கப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான், அப்படியே செய்தேன்.

பாதி உயரத்தில் பேச்சிப்பள்ளம். சின்ன சுனை. அதற்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், பாகுபலியும் உண்டு, அவர் காலைச் சுற்றிக் கொடி. கீழே வட்டெழுத்தில் கல்வெட்டு. நமக்குப் படிக்க வராது. தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகையும், அங்கே பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்த ஒரு வாத்தியாரும் உதவினார்கள். அச்சணந்தி என்று ஒரு சமண முனிவர், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் பாண்டிய நாட்டு மலைகளில் ஊர் ஊராகப் போய்ச் சிலை வெட்டுவித்தவர். அவருடைய அம்மா பெயர் குணமதியார். இங்கே இருக்கிற ஒரு உருவத்தை வெட்டச் செய்தது அந்த அம்மாதான் என்று கல்வெட்டு சொல்கிறது.

நான் அந்தச் சூடான பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மகன் துறவியாகி மலை மலையாகப் போகிறான். அம்மா என்ன செய்திருப்பாள்? பின்னாலேயே வந்தாளா, வேறு சோலியாக வந்தாளா? யார் கூட வந்தாள்? இந்தப் படியெல்லாம் அப்போது ஏது? சிற்பிக்கு யார் கூலி கொடுத்தது, அவள் கைக்காசா? பேர் போடச் சொன்னது யார்? 1,100 வருஷத்துக்கு முன்னால் ஒரு வயசான பொம்பளை (வயசானவள் என்று கல்வெட்டில் இல்லை, நானே வைத்துக்கொண்டேன்) இந்த வெயிலில் இங்கே நின்றிருக்கிறாள், அதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. வாத்தியாரிடம் இதையெல்லாம் கேட்டேன். "அதெல்லாம் ஆராய்ச்சி பண்ண வேண்டிய விஷயம்மா" என்று நகர்ந்துவிட்டார். கூட இருந்த ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி மட்டும், "அவங்க புள்ளையைப் பாக்க வந்திருப்பாங்க பாட்டி" என்றாள். அந்த நேரம் பார்த்து என் மகள் போன் செய்தாள். மலை மேல் இருக்கிறேன் என்று சொல்லவில்லை, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். டிபார்ட்மெண்டில் இருந்தவளுக்குப் பொய்யும் டிபார்ட்மெண்ட் பொய்யாகத்தான் வருகிறது.

இந்தப் பக்கம் எழுதும் யாரும் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். ஒண்ணுக்குப் போகிற பிரச்சனை. வயசான பெண்கள் வெளியே போகாமல் இருப்பதற்கு முழங்காலைக் காரணம் சொல்வார்கள், பிள்ளை திட்டுவான் என்பார்கள். நெருங்கிக் கேட்டால் இதுதான். பஸ் ஏறுவதற்கு முன்னால் ரெண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, வெயிலில் மயங்கி விழுந்த கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் பஸ் நிலையங்களில் கட்டணக் கழிப்பறை உண்டு, சிலது நுழையலாம், சிலது வாசலோடு திரும்பலாம். என் மூளையில் மதுரை மேப் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. எந்த ஓட்டலில் ஒரு காபி குடித்தால் கேட்காமல் விடுவார்கள், எந்தக் கோயிலில் பின்கட்டில் சுத்தமாக இருக்கும், எந்தப் பெட்ரோல் பங்கில் சாவியைக் கேட்டு வாங்கணும் எல்லாம் அத்துப்படி. ஒவ்வொரு ஊரைப் பற்றியும் கிளம்புவதற்கு முன்னால் யாராவது பெண்ணிடம் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். பஸ்ஸை இலவசமாக்கிய மாதிரி இதையும் ஒரு கையெழுத்தில் சரிசெய்ய முடிந்தால் இன்னும் ஆயிரம் கிழவிகள் தெருவில் இறங்கிவிடுவார்கள். படிக்கட்டு உயரம் இன்னொரு கொடுமை. சென்னையில் தாழ்தளப் பஸ் விட்டிருக்கிறார்களாம். இங்கே எனக்கு வாய்க்கிற வண்டியெல்லாம், முன்னால் ஏறுகிற பெண் கை கொடுத்து இழுத்தால்தான் உண்டு.

அழகர்கோயில் எல்லோரும் போகிற இடம்தான். குரங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே பிரசாதம் தோசை. மிளகு போட்டு, நெய்யில் சுட்டு, கனமாக இருக்கும், ஒன்றை ஒருத்தர் தின்று முடிப்பது சிரமம். அதைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டு நூபுர கங்கைக்குப் போகிற வண்டிக்காக நின்றேன். பை போய்விட்டது. மரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தது. தோசையை மடியில் வைத்துக்கொண்டது. என் பிரஷர் மாத்திரை அட்டையைக் கடித்துப் பார்த்து, துப்பி, கீழே எறிந்தது. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. பூக்கடை அம்மா எனக்காக அந்தக் குரங்கோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டாள், இரண்டு பேரும் பழகினவர்கள் போலிருக்கிறது.

வெயில் காலத்தில் மலை, கோயில் எல்லாம் கிடையாது. அப்போதைக்கு என் இடம் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளன்று திறந்தார்கள். தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி, எல்லாம் ஏசி. இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் சதுர அடி என்கிறார்கள். எனக்கு முக்கியமானது லிஃப்ட் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. முதல் தடவை வாசலில் தயங்கி நின்றேன். ஆதார் கேட்பார்களோ, யார் வீட்டு ஆள் என்பார்களோ? செக்யூரிட்டி பெண் பையை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். ஒரு கேள்வி கிடையாது. தமிழ்ப் புத்தகம் இருக்கிற மாடியில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே நத்தம் மேம்பாலம், ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளுகிற பாலம், வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

சுற்றி எல்லாம் டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகள். காலையில் சோற்று டப்பாவோடு வந்தால் சாயங்காலம்தான் எழுந்திரிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நான் சமையல் புத்தகத்திலிருந்து தொடங்கி, பயணக் கதை, பிறகு கல்வெட்டு என்று போய்க்கொண்டிருக்கிறேன். குணமதியாரைத் தேடித்தான். கிடைத்ததெல்லாம் நான் மலையில் தெரிந்துகொண்ட அந்த ஒரு வரிதான். ஒரு நாள் பக்கத்து நாற்காலிப் பிள்ளை, "பாட்டி, நீங்க என்ன எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நான் குரூப் ஒன் என்றேன். அவள் சிரிக்காமல், "கரண்ட் அஃபேர்ஸ் நோட்ஸ் வேணும்னா தர்றேன்" என்றாள். இப்போது அவளுக்கு நான் முறுக்கு கொண்டு போகிறேன், அவள் எனக்குச் செல்போனில் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லித் தருகிறாள்.

தெருவின் நிலைமையும் மாறிவிட்டது. முதலில் மகனுக்குப் போன் போட்ட மதினி (யாரென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்) ஒரு நாள் வந்து, "அடுத்து எங்கிட்டு?" என்றாள். தனக்காகக் கேட்கவில்லையாம், அவள் மாமியாருக்காம். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். வாய் அப்படி இல்லை. மாமியார் வெளியே போனால் வீட்டில் ஒரு பகல் நிம்மதி என்பது மதினியின் கணக்கு என்று எனக்குப் புரிந்தது. போகட்டும், அவளுக்கும் ஒரு பகல் வேண்டும்தானே.

பெரியம்மாவைக் கீழடிக்குக் கூட்டிப்போனேன். மியூசியம் 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், முற்றம், தூண், தாழ்வாரம் எல்லாம் உண்டு. பெரியம்மா உள்ளே நுழைந்ததும் தூணைத் தட்டிப் பார்த்து, "தேக்கா?" என்று கேட்டார். கிமு ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் போகிற ஊர் இது என்று காதருகே கத்திச் சொன்னேன். "யாரு வீட்டு நூறாம் நாளு?" என்றார். விட்டுவிட்டேன்.

ஆனால் பொருளுக்குப் பக்கத்தில் போனதும் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நூல் நூற்கிற தக்களியைப் பார்த்துக் கையை அப்படியே சுழற்றிக் காட்டினார். சங்கு வளையல் துண்டுகளை எண்ணினார். தந்தத்தில் செய்த பகடையைப் பார்த்து, "தாயக்கட்டையா, யாரு இம்புட்டு செலவழிச்சது?" என்றார். பானை ஓட்டில் பெயர் கீறியிருந்ததைக் கண்டு, "பாத்திரத்துல பேரு வெட்டுறது அப்பவே இருந்துருக்கு. பொம்பளைக நாலு பேரு ஒரு வீட்ல இருந்தா வெட்டித்தான ஆகணும்" என்றார். அங்கே வேலை பார்க்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.

வட்டச் சில்லுகள் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கியது. குவியலாக இருந்தது.

"பாண்டி ஆடுற சில்லு."

"ஆமா பெரியம்மா, ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தினது."

"நானு இதே மாதிரி பத்து வெச்சிருந்தேன். எங்கப்பன் கிணத்துல வீசிட்டான், பொம்பளப்புள்ள வாசல்ல குதிக்குதுன்னு." கொஞ்சம் நின்று, அந்தப் பையனிடம், "ஏய்யா, கிணத்தையெல்லாம் தோண்டுனீகளா?" என்றார். உறைகிணறு கிடைத்ததைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து அவன் சந்தோஷமாக விளக்க ஆரம்பித்தான். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவர் கேட்டது எந்தக் கிணறு என்று நான் சொல்லவில்லை.

அடுத்து அரிட்டாபட்டி போகலாம் என்றிருக்கிறோம். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வாங்கிய முதல் இடம். டங்ஸ்டன் சுரங்கம் வரப் பார்த்து, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததே, அதே ஊர்தான். அங்கே கழிப்பறை எப்படி என்று இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

கீழடியிலிருந்து திரும்புகிற வண்டியில் பெரியம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. சிலைமான் தாண்டியதும் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தெப்பக்குளத்தில் இறங்கி வண்டி மாறணும். நான் எழுந்து பையை எடுத்தேன். அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ எறங்கு. நான் வரல."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். "பாட்டி, இதுக்கப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டுதான் கடைசி. அங்கிட்டு யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. அங்க போயி இந்த வண்டி என்ன செய்யும்?"

"பத்து நிமிசம் நிக்கும். நாங்க டீ குடிப்போம், அப்புறம் திருப்பிக் கீழடிக்கே போகும்."

நான் பையோடு மறுபடி உட்கார்ந்தேன். விசில் அடித்தது. பெரியம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எனக்குச் சீனி கம்மியாச் சொல்லு."